கேம்ப் சீனியர் பதவியும் 'காலங்காலமான வழக்கமும்': முகாமில் உங்களுக்கு என்ன நடந்தது?

காவிரிக்கரை:

என் சித்தி மகள் இந்த வருடம் கல்லூரியில் என்.சி.சி. சேர்ந்திருக்கிறாள். முதல் பத்து நாள் முகாமுக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் போனில் கூப்பிட்டு, "அக்கா, ராத்திரி சீனியர்களுக்கு ஷூ பாலிஷ் போட்டுக் கொடுக்கணுமாமே, மாட்டேன்னா பத்து நாளும் ஒதுக்கி வெச்சிடுவாங்களாமே, நிஜமா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல வரவில்லை. இதே விஷயத்துக்காக ஒரு முகாமில் நான் பட்டது இன்னும் மனதில் இருக்கிறது. அதை எழுதுகிறேன். நீங்களும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள், அவளிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

2013 மே மாதம், திருச்சி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் முகாம். பையன்களும் பெண்களும் சேர்ந்து ஐந்நூறு பேருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அதில் பெண்கள் நூற்றெழுபது பேர். பெஞ்சுகளை வராந்தாவில் அடுக்கிவிட்டு வகுப்பறைகளில் படுத்திருந்தோம். காலை 5 மணிக்கு விசில், இரண்டு பேருக்கு ஒரு வாளித் தண்ணீர், வெயில் ஏறுவதற்குள் டிரில். நான் ஓர் அரசுக் கலைக் கல்லூரியிலிருந்து போன ஜே.யு.ஓ. (ஜூனியர் அண்டர் ஆபீசர், மாணவர் ரேங்குகளில் ஒன்று). எங்கள் கல்லூரிப் பெண்கள் மொத்தமே பதினொரு பேர்.

முதல் நாள் மாலை, பெண்கள் பிரிவுக்குக் கேம்ப் சீனியர், அதாவது முகாமின் மாணவித் தலைவி, யார் என்று முடிவு செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய கல்லூரியின் எஸ்.யு.ஓ.வுக்குத்தான் (சீனியர் அண்டர் ஆபீசர், மாணவர் ரேங்குகளில் உயர்ந்தது) அது போகும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அந்தக் கல்லூரியிலிருந்து நாற்பதுக்கு மேல் பெண்கள் வந்திருந்தார்கள், கடந்த வருடங்களிலும் அவர்கள்தான் இருந்தார்களாம். ஆனால் அந்த முறை வந்த கமாண்டிங் ஆபீசர் புதியவர். ரேங்க் போட்ட எல்லாரையும் மைதானத்தின் ஒரு கோடியில் நிற்க வைத்து, மறுகோடியில் நிற்கும் படைக்குக் கமாண்ட் கொடுக்கச் சொன்னார். எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. 'சாவ்தான்', 'விஷ்ராம்', 'தேஸ் சல்' எல்லாமே எங்களுக்குச் சத்தம்தான், எந்த எழுத்தில் குரலை இழுத்து எந்த எழுத்தில் வெட்ட வேண்டும் என்பதைத்தான் இரண்டு வருடமாகப் பழகியிருந்தோம். எனக்கு அன்று குரல் நன்றாக நின்றது. என் பெயரைச் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி ரோல் காலுக்கு அந்த நாற்பது பேரும் வரவில்லை. காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி என்று ஆளுக்கொரு காரணம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நானும் அப்போது பத்தொன்பது வயதுப் பெண்தான். அந்த எஸ்.யு.ஓ. என்னிடம் நேராக வந்து சொன்னது மட்டும் எனக்கு இப்போதும் நியாயமாகத்தான் படுகிறது: "உன் மேல கோபம் இல்லடி. நான் மூணு வருஷமா இதுக்குத்தான் வந்தேன். என்னைக் கூப்பிட்டு ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல." உண்மை. அதிகாரிகள் எங்களிடம் முடிவைச் சொன்னார்களே தவிர, காரணத்தைச் சொல்லவே இல்லை.

ஷூ விஷயம் மூன்றாம் நாள் ராத்திரி ஆரம்பித்தது. விளக்கணைக்கும் விசிலுக்குப் பிறகு, முதல் முகாமுக்கு வந்த பெண்கள் ஒவ்வோர் அறையாகப் போய் சீனியர்களின் ஷூவை வாங்கி வந்து பாலிஷ் போட வேண்டும், தட்டு கழுவ வேண்டும், கேட்டால் பாட வேண்டும். இது காலங்காலமாக இருக்கிற வழக்கம் என்றார்கள். என்.சி.சி.யின் 'பி' சர்டிபிகேட் பரீட்சை எழுத ஒரு முகாமாவது முடித்திருக்க வேண்டும் என்பதால் எந்தப் பிள்ளையும் பாதியில் கிளம்பிப் போகாது, அது எல்லாருக்கும் தெரியும். நானும் இரண்டாம் வருடம் வரை அதைச் செய்தவள்தான். ஆனால் அன்று நாமக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி, கையெல்லாம் கறுப்பாக, பதினாலு ஜோடி ஷூ முன்னால் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். காலையில் அவளுக்கு ஃபயரிங், துப்பாக்கி சுடும் பயிற்சி. எனக்குத் தாங்கவில்லை, "எல்லாரும் போய்ப் படுங்க, இனிமே இது கிடையாது" என்று சொல்லிவிட்டேன்.

என்னை முதலில் எதிர்த்தது அந்தப் பெரிய கல்லூரிக்காரிகள் இல்லை. என் சொந்தக் கல்லூரித் தோழிகள்தான். "நாம மட்டும் செஞ்சோமே, அப்போ எங்கடி போன?" என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் நான் ஒரு தவறு செய்தேன். அடுத்த நாளும் அது நடந்ததும், யாரிடமும் பேசிப் பார்க்காமல் நேராகப் பொறுப்பு மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். விடிவதற்குள் மொத்தப் பெண்கள் பிரிவையும் மைதானத்தில் இறக்கி ஒன்றரை மணி நேரம் ரகடா, அதாவது உடம்பை வாட்டும் தண்டனை. ஃபிரன்ட் ரோல், தவளை ஓட்டம், முட்டி போட்டு நடப்பது. சீனியர், ஜூனியர் எல்லாருக்கும் ஒன்றாகவே. யாரைக் காப்பாற்றப் போனேனோ அவர்கள் முட்டியிலும் ரத்தம். அந்த நாமக்கல் பெண் என்னிடம் வந்து, "அக்கா, பாலிஷ் போட்டிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்" என்றாள். அவள் திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வாக்கியம் எனக்குள் அப்படியே கிடக்கிறது.

ஏழாம் நாள், ஸ்டோரில் மெஸ் டின் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த லாஸ்கர் (பட்டாலியன் உதவி ஊழியர்) அண்ணனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் பல வருடமாக எங்கள் பட்டாலியனில் இருப்பவர். அவர் சொன்னார்: "காலங்காலமாவா? ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி இப்படி இல்லம்மா. புதுப் பிள்ளைகளுக்கு ஷூ மூக்குல பளபளப்பு வரவைக்கத் தெரியாது. பெரிய பிள்ளைங்க வராந்தால உட்கார வெச்சு, பஞ்சுல தண்ணி தொட்டு வட்டமா வட்டமா தேய்க்கச் சொல்லிக் கொடுப்பாங்க. பழகுறதுக்குத் தன்னோட ஷூவையே கொடுப்பாங்க. அப்புறம் சொல்லிக் கொடுக்கிறது நின்னு போச்சு, ஷூ கொடுக்கிறது மட்டும் நிக்கல." கல்லூரிப் படிப்பு மூன்று வருடம். மூன்று பேட்ச் தொடர்ந்து ஒன்றைச் செய்துவிட்டால், அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒரு மாணவர்கூட மிச்சமிருக்க மாட்டார். நாங்கள் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்ட பாரம்பரியத்தின் வயது அவ்வளவுதான்.

கடைசி ராத்திரி படாகானா. படையில் அதிகாரிகளும் ஜவான்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது, முகாமிலும் அதை நடத்துவார்கள். பெண்கள் பக்கம் மூன்றாம் வருடத்துக்குப் போகிறவர்கள் பரிமாறலாம் என்று அறை அறையாகப் போய்க் கேட்டேன், இந்த முறை உத்தரவாக இல்லாமல் கெஞ்சியே கேட்டேன். பாதிப் பேர் வந்தார்கள். அந்த எஸ்.யு.ஓ. வரவில்லை. ஜூனியர்களில் சிலர் என் கையால் வாங்காமல் அடுத்த வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

உங்கள் முகாம்களில் தலைமை எப்படி முடிவானது? இப்படிப்பட்ட வழக்கங்களை யாராவது சத்தமில்லாமல் நிறுத்தியிருக்கிறீர்களா?

மூன்றுவிரல்:

நான் சாரணர் இயக்கத்தில் இருந்தவன், மதுரைப் பக்கம். எங்களுக்கு நடந்தது சின்னது, ஆனால் உங்கள் எஸ்.யு.ஓ. கேட்ட கேள்விதான் அதிலும். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில் ஐந்து நாள் முகாம். எங்கள் அணித்தலைவனை நாங்களே கைதூக்கித் தேர்ந்தெடுத்திருந்தோம், டென்ட் கட்டுவதிலும் முடிச்சுப் போடுவதிலும் அவனை மிஞ்ச ஆளில்லை. முகாமுக்குப் போன இரண்டாம் நாள், பள்ளிக்கு நன்கொடை கொடுத்த ஒருவரின் பையனை அணித்தலைவன் ஆக்கிவிட்டார்கள். பழையவன் ஒன்றும் பேசாமல் சட்டைப்பையில் இருந்த அணித்தலைவர் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். நாங்கள் ஏழு பேரும் அன்று சமைக்கவில்லை, அடுப்பே மூட்டாமல் உட்கார்ந்துவிட்டோம்.

பேடன் பவல் 1907-இல் பிரவுன்சீ தீவில் முதல் சோதனை முகாம் நடத்தியபோதே, சுமார் 20 பையன்களை நான்கு அணியாகப் பிரித்து, அணிக்கு ஒரு பையனைத் தலைவனாக்கி, பொறுப்பை அவனிடமே விட்டார். பெரிய வீட்டுப் பையன்களையும் சாதாரண வீட்டுப் பையன்களையும் கலந்துதான் போட்டார். அணித்தலைவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க கௌரவ மன்றம் என்றே ஒன்று இந்த இயக்கத்தில் உண்டு. எங்கள் சாரண ஆசிரியர் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொல்லிக் கொடுத்தவர்தான். அதனால்தான் எங்களுக்கு அவ்வளவு வலித்தது. ராத்திரி கேம்ப் ஃபயர் முடிந்த பிறகு நாங்களே கௌரவ மன்றம் கூட்டச் சொல்லிக் கேட்டோம். கூட்டினார். முடிவு மாறவில்லை. ஆனால் ஏன் அப்படிச் செய்ய நேர்ந்தது என்று தலையைக் குனிந்துகொண்டு எங்களிடம் சொன்னார், ஒரு பெரிய மனிதர் பையன்களிடம் அப்படிச் சொல்வது சாதாரணமில்லை. காலையில் அடுப்பு மூட்டினோம்.

பொட்டல்காடு:

நாட்டு நலப்பணித் திட்ட முகாம், ஏழு நாள், புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில். காந்தி நூற்றாண்டில், 1969-இல் தொடங்கிய திட்டம். 'எனக்காக அல்ல, உனக்காக' என்று பேனர் கட்டிவிட்டு, அதன் கீழேயே மாணவர் செயலாளர் பதவி எந்தத் துறைக்கு என்று இரண்டு நாள் சண்டை. வேதியியலா, வணிகவியலா என்று. ஊரணியில் சீமைக்கருவேலம் வெட்டப் போன இடத்தில்கூட ஒரு துறை வெட்டும் பக்கம் இன்னொரு துறை போகாது. கடைசியில் அந்த ஊர்க் கிழவி ஒருத்தி வந்து, "தம்பிகளா, நீங்க சண்டை போட்டு முடிக்கிறதுக்குள்ள நாங்களே வெட்டிருவோம், அருவாளைக் கொடுங்க" என்றார். எங்களுக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

அந்த முகாம் நடந்ததே சமையல் பொறுப்பை எடுத்துக்கொண்ட தமிழ்த்துறைப் பெண் ஒருத்தியால்தான். அறுபது பேருக்கு மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பாடு வந்தது. அவள் பெயரைச் செயலாளர் பதவிக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

வடக்குவாசல்:

சட்டம் படித்தவள் என்பதால் இதை மட்டும் சொல்கிறேன், உங்கள் தங்கைக்கு உதவும். சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு 1996 நவம்பரில் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அடிப்பது, மிரட்டுவது மட்டும் ராகிங் இல்லை. ஒரு மாணவர் தானாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் அதில் வரும். இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 'வழக்கம்' என்று பெயர் வைத்துவிட்டால் சட்டம் ஒதுங்கிக்கொள்ளும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பழையஹவில்தார்:

காவிரிக்கரை மகளே, நான் படையிலிருந்து வந்து இரண்டு என்.சி.சி. பட்டாலியன்களில் பி.ஐ. ஸ்டாஃபாக, அதாவது பயிற்சி கொடுப்பவனாக, இருந்தவன். எத்தனையோ முகாமில் அந்த விடிகாலை ரகடாவை நானே கொடுத்திருக்கிறேன். ஒரு பிரிவு தவறு செய்தால் பிரிவு மொத்தமும் ஓடும், அதில் ஒற்றுமை வரும் என்றுதான் எங்களுக்குப் பழக்கம். போருக்குப் போகிற ஆட்களுக்கு அது சரியாக இருக்கலாம். புகார் கொடுத்தது ஒரு பிள்ளை என்று தெரிந்த பிறகு எல்லாரையும் ஓட விட்டால், அடுத்த வருடம் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. நாங்கள் அதை யோசிக்கவில்லை. நீ சொல்லப் போனது தவறில்லை, சொன்னதை வாங்கிக்கொண்டவர்கள் செய்ததுதான் தவறு. அதை உன் தலையில் போட்டுக்கொள்ளாதே அம்மா.

காவிரிக்கரை:

ஐயா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். நன்றி. இதை யாராவது அப்போதே சொல்லியிருந்தால் அந்த மூன்று நாள் நான் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்க மாட்டேன்.

மூன்றுவிரல், நான் கேட்காமலே ஒன்றுக்கு உங்களிடமிருந்து பதில் கிடைத்தது. காரணம் சொன்னதும் நீங்கள் அடுப்பு மூட்டினீர்கள். எங்கள் எஸ்.யு.ஓ.வும் அவ்வளவுதான் கேட்டாள்.

அடுத்த வருடம் என் ஜூனியர் ஒருத்தி அதே முகாமுக்குப் போய் வந்தாள். ஷூ பாலிஷ் நின்றதா என்று கேட்டேன். எங்கள் வராந்தாவில் இல்லையாம், எதிர் வராந்தாவில் நடந்ததாம்.

தங்கையிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். இரண்டு சொல்லியிருக்கிறேன். யாராவது ஷூவை நீட்டினால், "எப்படிப் போடணும்னு பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கக்கா" என்று கேட்டுப் பார். உட்கார்ந்தால் கற்றுக்கொள், உட்காரவில்லை என்றால் எழுந்து வந்துவிடு. மிரட்டினால் தனியாகப் போகாதே, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே போய்ச் சொல், எங்களை மட்டும் கூப்பிட்டுப் பேசுங்கள் என்றும் சேர்த்துச் சொல். சரி என்றாள். நாளைக் காலை ஆறு மணிக்குக் கல்லூரி வாசலில் வண்டி.