ஹரா ரியோ: முப்பது வருஷம், ஆறு புத்தகம். எதில் தொடங்குவது?

மழைக்குருவி கேட்டது:

வணக்கம். ஜப்பானிய மர்மக் கதை எழுத்தாளர் ஹிகாஷினோ கெய்கோவை ஆங்கிலத்தில் கிடைத்த வரைக்கும் படித்து முடித்துவிட்டேன். புதிர் அவிழ்கிற கதைகள் போதும் என்று ஆகிவிட்டது. இப்போது மனசு தேடுவது வேறு: தனியாக ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கும் துப்பறிவாளர், போலீஸோடு உரசல், ராத்திரி நகரம். அமெரிக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லரைப் படித்தபோது வந்த அந்தக் கிறக்கம் மறுபடி வேண்டும். ஜப்பானில் அப்படி எழுதியவர் யார் என்று தேடினால் ஹரா ரியோ என்ற பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. 1988 முதல் 2018 வரை ஆறே ஆறு கதைப் புத்தகங்கள். இவ்வளவு குறைவாக எழுதியவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலை தேறியிருக்கிறேன், மூலத்திலேயே படித்துப் பார்க்க ஆசை. எதில் தொடங்கலாம்?

கசாய் மாறன்:

பதினோரு வருஷமாக டோக்கியோவில் இருக்கிறேன். எனக்கு ஜப்பானிய மொழியில் நாவல் படிக்கக் கற்றுக்கொடுத்ததே இவர்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜின்போச்சோ பழைய புத்தகக் கடை வாசலில் நூறு யென் பெட்டியில் அவருடைய இரண்டாவது நாவல் கிடைத்தது. ‘நான் கொன்ற சிறுமி’ என்று பொருள் வரும் தலைப்பு. முதல் தடவை முடிக்க நாலு மாதம் ஆனது. பென்சிலால் உச்சரிப்பு எழுதி எழுதி ஓரமெல்லாம் கறுத்துப் போன அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஹரா 1946-ல் கியூஷூ தீவில் சாகா மாகாணத்துத் தோசு என்ற ஊரில் பிறந்தவர். இரண்டு ரயில் பாதைகள் சேரும் சந்திப்பு ஊர் அது. கியூஷூ பல்கலைக்கழகத்தில் அழகியலும் கலை வரலாறும் படித்தார். அப்புறம் ஜாஸ் பியானோ கலைஞராக இருந்தார். முதல் நாவல் 1988-ல் வந்தபோது வயது நாற்பத்தொன்று. போட்டி எதிலும் பரிசு வாங்கி நுழைந்தவர் இல்லை. சாண்ட்லரின் மொழிபெயர்ப்புகளை வெளியிட்டுவந்த ஹயகாவா பதிப்பகத்துக்குக் கையெழுத்துப் பிரதியை அவரே அனுப்பிவைத்தார். மறு வருஷமே வந்த இரண்டாவது நாவலுக்கு 102-ஆவது நவோகி பரிசு கிடைத்தது. வெகுஜன நாவலுக்கு அந்த நாட்டில் அதைவிடப் பெரிய பெயர் கிடையாது. அவருடைய இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அடுத்த பத்து வருஷத்தில் இருபது புத்தகம் போட்டிருப்பார்கள். இவர் 1990-ல் ஒரு சிறுகதைத் தொகுப்பு தந்தார். அடுத்த நாவல் 1995, அதற்கடுத்தது 2004, கடைசி 2018. நடுவில் முழுசாகப் பதினாலு வருஷம்!

எல்லாவற்றிலும் ஒரே துப்பறிவாளர்தான்: சவசாக்கி. முழுப் பெயர் கடைசி வரை தெரியாது. டோக்கியோவில் மேற்கு ஷின்ஜுகு பகுதியின் ஓரத்தில் ஒரு பழைய கட்டடத்தில் ஆபீஸ், ஓட்டுவது பழைய புளூபேர்ட் கார், பிடிப்பது பில்டர் இல்லாத பீஸ் சிகரெட். கதவில் இருப்பது அவர் பெயர்கூட இல்லை, ‘வதனாபே துப்பறியும் நிலையம்’. வதனாபே முன்னாள் போலீஸ்காரர், சவசாக்கியின் கூட்டாளி. பத்து கோடி யென் ரொக்கத்தையும் மூன்று கிலோ போதைப் பொருளையும் தூக்கிக்கொண்டு ஓடிப் போனவர். போலீஸும் யாகுசா என்கிற ரவுடிக் கும்பலும் அவரைத் தேடுகிறார்கள், இரண்டு பக்கமும் வந்து மிரட்டுவது சவசாக்கியைத்தான். அவர் பெயர்ப் பலகையை மாற்றுவதே இல்லை. எப்போதாவது விளம்பரத் தாளில் மடித்த ஒரு காகித விமானம் வந்து சேரும், பிரித்தால் வதனாபே கையெழுத்தில் சில வரிகள். இந்தக் காகித விமானத்துக்காகவே நான் அடுத்தடுத்த புத்தகங்களைத் தேடிப் போனேன்.

இரண்டாவது நாவலின் தொடக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், கதை கெடாது. காணாமல் போன குடும்பத்து ஆள் விஷயமாக வரச் சொல்லி ஒரு பெண் போன் செய்கிறாள். மெஜிரோவில் இருக்கிற அந்த வீட்டுக்கு சவசாக்கி போகிறார். வாசலுக்கு வந்தவருக்கு அவரைப் பார்த்ததும் முகமே மாறுகிறது. ஆறு கோடி யென் இருக்கும் பெட்டியைக் காட்டி, ‘மகளைத் திருப்பிக் கொடு’ என்கிற தோரணையில் பேசுகிறார். வயலின் மேதையான அந்தச் சிறுமியைக் கடத்தியிருக்கிறார்கள், பணம் வாங்க வந்த ஆள் என்று இவரை நினைத்துவிட்டார்கள். வீட்டுக்குள் போலீஸ் ஒளிந்திருக்கிறது. சவசாக்கிக்கு ஒன்றுமே தெரியாது, நமக்கும் தெரியாது. பிறகு பணத்தை இவர்தான் கொண்டுவர வேண்டும் என்று கடத்தியவனே கேட்கிறான். அந்தப் பணம் கைநழுவிப் போகிற இடத்தில் சிறுமியின் உயிர் தன் தலையில் விழுந்துவிட்டது என்று அவருக்குப் புரிகிறது. தலைப்பில் இருக்கிற ‘நான்’ யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரயிலில் நின்றபடி படித்துக்கொண்டிருந்தேன், இறங்க வேண்டிய நிலையம் தாண்டிப் போய்விட்டது.

பியானோக்காரர் எழுத்து என்றதும் போகிற போக்கில் வாசிக்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். நேர் எதிர். பத்தாம் அத்தியாயத்தில் யாரோ சாதாரணமாகச் சொன்ன ஒரு சொல் நாற்பதாம் அத்தியாயத்தில் கழுத்தைப் பிடிக்கும். அப்படி இழைக்க நாளாகும்தானே. பதினாலு வருஷ இடைவெளியை நான் குறையாகவே நினைக்கவில்லை.

வனஜா ராமன்:

மாறன் சார் சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். ஜப்பானிய ஹார்ட்பாய்ல்டு, அதாவது சாண்ட்லர் பாணி முரட்டுத் துப்பறியும் கதை, இவரிடம் தொடங்கியதில்லை. ஓயாபு ஹருஹிகோ 1958-லேயே கல்லூரி மாணவராக இருந்தபோது துப்பாக்கியும் கோபமுமாக எழுதி அதிரவைத்தார். இகுஷிமா ஜிரோ அதே ஹயகாவாவில் ஆசிரியர் குழுவில் இருந்தவர், 1967-ல் நவோகி வாங்கினார். ஹராவிடம் சாண்ட்லரின் நிழல் ரொம்ப அடர்த்தி. உவமை, பதிலடி, அலுத்துப்போன குரல், எல்லாமே. ஷின்ஜுகுதான் வேண்டும் என்றால் ஓசவா அரிமசாவின் சமேஜிமா தொடரைப் பாருங்கள், 1990-ல் தொடங்கியது. அதில் போலீஸுக்குள்ளேயே ஒருவன் தனியாள். தெருவும் வியர்வையும் அதில்தான் அதிகம்.

கசாய் மாறன்:

வனஜா மேடம், வரிசை நீங்கள் சொன்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். சாண்ட்லர் நிழலும் உண்மை. ஆனால் அது எந்த சாண்ட்லர் என்று பாருங்கள். ஷிமிசு ஷுன்ஜி என்ற சினிமா சப்டைட்டில்காரர் ஜப்பானியத்தில் தந்த சாண்ட்லர். வாக்கியம் சின்னது, சொல்லாமல் விட்டது அதிகம். ஹராவின் சவசாக்கி பேசுவதைக் கேட்டால் அமெரிக்கன் பேசுகிற மாதிரி எனக்குத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டே பழகின ஊரில் மன்னிப்புக் கேட்காத ஒரு ஆள், அவ்வளவுதான். சமேஜிமாவை நானும் விரும்பிப் படித்தேன், ஆனால் இரண்டாம் முறை எடுக்கத் தோன்றவில்லை. சவசாக்கியை மூன்று முறை படித்தாயிற்று.

2023 மே மாதம் ஹரா காலமானார், வயது எழுபத்தாறு. அந்த வாரம் ஒரு கடையில் அவருடைய கதைப் புத்தகங்களை ஒரே தட்டில் அடுக்கியிருந்தார்கள். கையை விரித்து அளந்து பார்த்தேன். ஒரு சாண்கூட வரவில்லை. பக்கத்திலேயே முதல் நாவலின் முப்பதாம் ஆண்டுப் பதிப்பும் இருந்தது. ஹயகாவா பாக்கெட் மிஸ்டரி வரிசையில் 2018-ல் வந்தது. ஒடுக்கமான அளவு, இரண்டு பத்தி, ஓரம் மஞ்சள் பூசின தாள். ஒரு காலத்தில் சாண்ட்லர் ஜப்பானியத்தில் வந்த அதே வரிசை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மழைக்குருவி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இரண்டாவது நாவலையே முதலில் எடுத்தால் வதனாபே விஷயம் புரியுமா?

கசாய் மாறன்:

புரியும். ஆனாலும் முதல் நாவலிலிருந்தே போங்கள். வலது கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காத ஒரு மனிதர் வந்து இரண்டு லட்சம் யென்னை மேஜையில் வைத்துவிட்டுப் போகிற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். 1995 நாவலோடு வதனாபே கதை ஒரு கரைக்கு வருகிறது, அதனால் அதை மட்டும் முன்னால் எடுத்துவிடாதீர்கள்.

பேச்சு வழக்கு அதிகம் படுத்தாது, போலீஸ் பதவிப் பெயர்கள்தான் படுத்தும். கெய்பு (இன்ஸ்பெக்டர்), கெய்புஹோ (உதவி இன்ஸ்பெக்டர்), ஜுன்சாபுச்சோ (சார்ஜென்ட்) என்று ஒரு தாளில் எழுதிப் புத்தகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ‘ரியோ’ என்ற எழுத்து அபூர்வமான காஞ்சி (சீன வழி வந்த எழுத்து), பல இணையதளங்களில் வேறு மாதிரி விழும். ஒலிப்படி எழுதுகிற ஹிரகானாவில் தட்டித் தேடுங்கள், கிடைத்துவிடும்.