கால்டெரா மையம் 48 மி.மீ. உயர்ந்திருக்கிறது, ஈர்ப்பும் 41 மைக்ரோகேல் கூடியிருக்கிறது: அடியில் நிறை சேர்கிறதா, கருவிப் பிழையா?

கால்டெரா_களம்:
வணக்கம். எரிமலைக் கால்டெராவுக்குள் (எரிமலை இடிந்து விழுந்து உண்டான பெரும்பள்ளம்) உள்ள புவிவெப்பப் பகுதி ஒன்றில் சுமார் ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு ஈர்ப்பு சர்வேக்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வந்த விடையை நம்ப முடியவில்லை. எங்கே தேட வேண்டும் என்று சொல்லுங்கள்.

கருவி சிஜி-5 ஈர்ப்புமானி. இரண்டு முறையும் அதே கருவிதான். நடுவில் ஒரு தடவை சர்வீஸுக்குப் போய் வந்தது. மொத்தம் 22 புள்ளிகள். பேஸ் (மற்றவற்றை ஒப்பிடும் அடிப்படைப் புள்ளி), மையத்திலிருந்து 9 கி.மீ. தள்ளி, பழைய லாவா பாறை மேல். ஒரு லூப்புக்கு பேஸ், நான்கு புள்ளிகள், மறுபடி பேஸ். ஒவ்வொரு புள்ளியிலும் 60 நொடி ரீடிங் ஐந்து. டைட் திருத்தத்தை (சூரியன், சந்திரன் இழுப்பால் வரும் மாற்றம்) கருவியே போடுகிறது. டிரிஃப்ட்டை (கருவியின் ரீடிங் தானாக நகர்வதை) நேர்கோடாகக் கழித்த பிறகும், திரும்ப அளந்த புள்ளிகளில் 15 முதல் 22 மைக்ரோகேல் வரை (ஈர்ப்பின் மிகச் சிறிய அலகு, 1,000 சேர்ந்தால் ஒரு மில்லிகேல்) வித்தியாசம் நிற்கிறது.

ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் வழி இட அளவீடு), இன்சார் (செயற்கைக்கோள் ரேடார்) இரண்டுமே மையத்தில் 48 மி.மீ. உயர்வு என்கின்றன. மீட்டருக்கு −308.6 மைக்ரோகேல் என்று உயரத் திருத்தம் (உயரம் ஏற ஏற ஈர்ப்பு குறையும் அளவு) போட்ட பிறகு மைக்ரோகேலில் மிஞ்சியவை (அடைப்புக்குள் பேஸுடன் ஈர்ப்பு வித்தியாசம்):

பு-11, மையம் (−85.2 மில்லிகேல்): +41
பு-17, கால்டெரா விளிம்பு (−79.4): +28
பு-18, விளிம்பு (−61.0): +21
பு-03, அடிவாரம் (−12.0): +4

17, 18, 03 மூன்றிலும் உயர மாற்றம் இல்லை. முதல் சர்வே கோடை முடிவில், இரண்டாவது மழைக்கால நடுவில். மையத்தில் வரும் 41 புதிய திரவமா, மாக்மாவா? இன்னொன்று: −308.6 சரியா, இல்லை பூகே திருத்தம் (உயர்ந்த பாறைப் படலத்தின் ஈர்ப்பு) சேர்த்த சரிவைப் போட வேண்டுமா?

நீர்மட்டம்:
கோடை முடிவையும் மழை நடுவையும் ஒப்பிட்டால் முதலில் கணக்கில் வர வேண்டியது நிலத்தடி நீர். ஒரு மீட்டர் தடிமனான நீர்ப்படலம் 41.9 மைக்ரோகேல் தரும். அதைப் பாறையின் நுண்துளைப் பங்கால் பெருக்குங்கள். 15 சதவீத நுண்துளை, 2 மீ. நீர்மட்ட உயர்வு என்றாலே 12.6 மைக்ரோகேல் வந்துவிடும். பக்கத்தில் ஆழமில்லாத கண்காணிப்புக் கிணறு உண்டா? திறந்த நீர்ப்படுகையில் இருக்கும் கிணறாக இருக்க வேண்டும். மூடிய படுகையில் மட்டம் ஏறுவது பெரும்பாலும் அழுத்தம் ஏறுவதுதான், அந்த அளவுக்கு நீர் சேர்ந்ததாக எடுக்கக் கூடாது.

சுருள்வில்:
நீர் இருக்கட்டும், அதற்கு முன் உங்கள் பட்டியலையே பாருங்க. நகராத மூன்று புள்ளிகளிலும் மாற்றத்தை ஈர்ப்பு வித்தியாசத்தால் வகுத்தால்:

பு-17: 28 ÷ 79,400 = பத்து லட்சத்தில் 353
பு-18: 21 ÷ 61,000 = பத்து லட்சத்தில் 344
பு-03: 4 ÷ 12,000 = பத்து லட்சத்தில் 333

மூன்றும் ஒரே கோட்டில் விழுது. நிலத்துக்குள்ள நடக்கிற எதுவும் பேஸிலிருந்து உள்ள ஈர்ப்பு வித்தியாசத்துக்கு இவ்வளவு ஒழுங்கான விகிதத்தில் வராது. இது கருவியின் ஸ்கேல் காரணி (ரீடிங்கை ஈர்ப்பாக மாத்துற பெருக்கெண்) மாறியிருக்கு என்பதற்கான அடையாளம். இரண்டாம் சர்வேயில் கருவி எல்லா வித்தியாசத்தையும் பத்து லட்சத்தில் சுமார் 350 பங்கு குறைச்சுக் காட்டுது. உங்க புள்ளிகள் பேஸைவிட ஈர்ப்பு குறைந்தவை, அதனால அந்தக் குறைச்சல் ஈர்ப்பு கூடின மாதிரி தெரியுது.

குவார்ட்ஸ் ஸ்பிரிங் வயசாக ஆக இந்தக் காரணி மாறும். புதுக் கருவியில் வேகம் அதிகம். சர்வீஸில் சென்சாரைத் தொட்டிருந்தாலும் மாறும். இரண்டு டேட்டா ஃபைலின் தலைப்பிலும் ஜிகால்-1 (கருவியில் பதிஞ்ச ஸ்கேல் காரணி) மதிப்பை ஒப்பிடுங்க.

மையத்துக்குக் கணக்கு: 85,200 × 0.00035 = 29.8. ஆக 41-இல் 30 போச்சு, மிச்சம் 11.

நிரந்தரத் தீர்வு கேலிபரேஷன் லைன். எஃப்ஜி-5 அல்லது ஏ-10 போன்ற முழுமை ஈர்ப்புமானியால் அளந்த இரண்டு புள்ளிகள் வேணும். அவற்றுக்கு நடுவே உள்ள வித்தியாசம் உங்க சர்வேயின் மொத்த வீச்சைவிடப் பெரிசா, அதாவது 85 மில்லிகேலுக்கு மேலே இருக்கணும். ஒவ்வொரு சர்வேக்கு முன்னும் பின்னும் அதில் ஓட்டுங்க. சின்ன வீச்சில் கேலிபரேட் பண்ணிப் பெரிய வீச்சுக்கு நீட்டினா பிழையும் கூடவே நீளும். அது இல்லாத வரைக்கும் 17, 18 மாதிரி உயரத்தில் இருக்கிற, நகராத புள்ளிகளை வெச்சு இரண்டு சர்வேக்கு நடுவிலான சார்பு ஸ்கேலைக் கண்டுபிடிக்கலாம். புதுசா அமைக்கிறவங்க மையத்தோட அதே ஈர்ப்பு மட்டத்தில், உயர்வுப் பகுதிக்கு வெளியே ஒரு புள்ளி வெச்சுக்கணும். 22 புள்ளியில் அதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

இன்னொரு கேள்வி: ஒரே புள்ளியில் முதல் ரீடிங்குக்கும் ஐந்தாவதுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

கால்டெரா_களம்:
ஜிகால்-1 இரண்டு ஃபைலிலும் ஒன்றேதான், சர்வீஸுக்குப் பிறகு யாரும் மாற்றவில்லை. வெளியே உள்ள மற்ற புள்ளிகளையும் சேர்த்து வரைந்தேன், அதே கோட்டை ஒட்டியே விழுகின்றன. ஒரு புள்ளிக்குள் முதல் ரீடிங்குக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே 10 முதல் 14 மைக்ரோகேல் வரை ஒரே திசையில் நகர்கிறது. காலை முதல் பேஸ் ரீடிங்கில் மட்டும் இந்த நகர்வு இல்லை.

சுருள்வில்:
அந்தக் கடைசி வரியில்தான் உங்க 22 மைக்ரோகேல் இருக்கு. வண்டியில் சாய்ஞ்சு வந்த சிஜி-5-ஐ நிறுத்தி லெவல் பண்ணினதும் சென்சார் உடனே அமைதியாகாது. கொஞ்சம் கொஞ்சமா, எக்ஸ்பொனென்ஷியல் வளைவில் தன் மதிப்புக்கு வரும். பல நிமிஷம் ஆகும், நிறைய சாய்ஞ்சிருந்தா இன்னும் கூட. ஐந்து நிமிஷத்தில் எடுத்து முடிச்சா அந்த வளைவின் நடுவில் ரீடிங் எடுத்த மாதிரி.

காலையில் ராத்திரி முழுக்க நேரா நின்ன கருவியில் பேஸ் எடுக்கறீங்க, சாயங்காலம் வண்டியிலிருந்து இறக்கின உடனே அதே பேஸை எடுக்கறீங்க. இரண்டும் வேற வேற நிலை. அந்த வித்தியாசம் டிரிஃப்ட்டுன்னு கணக்கில் ஏறி, நாள் முழுக்க எல்லாப் புள்ளிக்கும் பங்கு போட்டுக் கொடுக்கப்படுது.

செய்ய வேண்டியது: பயணம் முழுக்க கருவி நிமிர்ந்தே இருக்கணும், கீழே தடிமனான ஃபோம், மேலே பெல்ட். காலை பேஸுக்கு முன்னாடியும் கருவியை வண்டியில் ஏற்றி ஒரு சுற்று போய் வாங்க. லெவல் பண்ணி 10 நிமிஷம் விடுங்க. பிறகு 60 நொடி ரீடிங் குறைஞ்சது 15. கடைசி ஐந்துக்குள் நகர்வு 2 மைக்ரோகேலுக்குள் அடங்கினாதான் கிளம்பணும். ரீடிங்கின்போது சாய்வு இரண்டு அச்சிலும் 10 ஆர்க்நொடிக்குள் நிற்கட்டும். பேட்டரி தீர்ந்து சென்சார் அறை ஆறிப்போனா திரும்ப நிலைப்பட 48 மணி நேரம் கொடுங்க. அன்னைக்கே அளந்தது உபயோகப்படாது.

லூப்பையும் மாற்றுங்க. 1-2-1-2-3-2-3 என்று படிப்படியா போனா ஒவ்வொரு இணைப்பும் மூணு தடவை வரும், அடி பட்டு ரீடிங் திடீர்னு தாவினா எந்த இணைப்பில் தாவிச்சுன்னு தெரியும். நேரம் பிடிக்கும், ஆனா இந்த அளவு சிக்னலுக்கு வேற வழியில்லை. முடிவில் மொத்த வலையையும் மீச்சிறு வர்க்க முறையில் சரிக்கட்டுங்க.

டைட்டுக்கு உள்ளே போட்ட அட்சரேகை, தீர்க்கரேகை, நேர வித்தியாசத்தின் குறி மூணையும் பாருங்க. டைட் மணிக்கு 50 மைக்ரோகேல் வரை ஓடும். கடலோரமா இருந்தா கடல் ஓதச் சுமையை (ஓத நீரின் எடை நிலத்தை அழுத்துறதை) தனியா கழிக்கணும், கருவி அதைச் செய்யாது.

பெஞ்ச்மார்க்:
சரிவு பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஊதிப் பெருகும் மூலத்தைச் சிறிய கோளமாகக் கொண்டால், நிலம் உயர்வதாலும் பாறையின் அடர்த்தி மாறுவதாலும் வரும் விளைவுகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆகவே வெறும் உயரத் திருத்தத்தைக் கழித்தாலே மிஞ்சுவது புதிதாக வந்த நிறையின் ஈர்ப்பு. கன மீட்டருக்கு 2,400 கி.கி. அடர்த்திக்குப் பூகே சேர்த்த சரிவு மீட்டருக்கு −208. உங்கள் 48 மி.மீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் 5 மைக்ரோகேல்கூட இல்லை. இதில் நேரம் செலவிட வேண்டாம். கருவி உயரத்தில் கவனம் வையுங்கள்: ட்ரைபாட் இரண்டு சர்வேயிலும் 3 செ.மீ. மாறி நின்றால் 9 மைக்ரோகேல் போய்விடும். மில்லிமீட்டர் வரை அளந்து எழுதுங்கள்.

உயரத்துக்கு எதிராக ஈர்ப்பை வரைந்து சரிவு எடுக்கும் முறை இங்கே வேலை செய்யாது. இத்தாலியின் காம்பி ஃப்ளெக்ரெ கால்டெராவில் 1982–84-இல் பொட்ஸுவோலி நிலம் 1.8 மீ. எழுந்தபோது மீட்டருக்குச் சுமார் −213 என்று தெளிவாகப் படிக்க முடிந்தது. உங்களுக்கு ஒரு சர்வேயின் பிழை ±8 என்று தாராளமாக வைத்தாலும் வித்தியாசத்தின் பிழை ±11. அதை 0.048 மீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு ±229. −308-ஐயும் −208-ஐயும் பிரிக்கவே முடியாத அளவு அது.

நிறைக் கணக்கு எவ்வளவு மாறும் என்று பாருங்கள். மூலம் 2 கி.மீ. ஆழத்தில் என்றால் 41 மைக்ரோகேல் சுமார் 2.5 கோடி டன் சேர்க்கையாகும். 11 என்றால் 66 லட்சம் டன். ஓராண்டில் வினாடிக்கு 210 கிலோ நிகரமாக உள்ளே வந்தால்தான் அது சாத்தியம். அருகில் மின்நிலையம் இருந்தால், கிணறுகளில் எடுத்த அளவையும் திரும்பச் செலுத்திய அளவையும் கழித்து இதனுடன் ஒப்பிடுங்கள். புள்ளிகள் பகுதி முழுவதும் பரவியிருந்தால் காஸ் தேற்றப்படி மிச்சத்தைப் பரப்பு முழுவதும் தொகையிட்டு 2 பை ஜி-யால் (ஜி என்பது ஈர்ப்பு மாறிலி) வகுக்கலாம், ஆழம் தெரிய வேண்டியதில்லை. நியூசிலாந்தின் வைராக்கே புவிவெப்பக் களத்தில் இப்படித்தான் நிறை இழப்பைக் கணக்கிட்டார்கள்.

கால்டெரா_களம்:
மையத்தின் அருகே திறந்த படுகையில் கிணறு இருக்கிறது. இரண்டு சர்வேக்கு நடுவே மட்டம் 1.5 மீ. ஏறியிருக்கிறது. நுண்துளை 0.15 என்று வைத்தால் 9.4 மைக்ரோகேல். மிச்சம் 2-க்குள் வந்துவிட்டது. இதை எப்படி அறிக்கையில் எழுதுவது? அப்புறம் பு-14 புகைத்துளைக்குப் பக்கத்தில், அங்கே மட்டும் ரீடிங் சிதறுகிறது.

பெஞ்ச்மார்க்:
"மையத்தில் நிறை மாற்றம் 95 சதவீத நம்பிக்கையில் ±22 மைக்ரோகேலுக்குள்" என்று எழுதுங்கள். ஸ்கேல், நீர் இரண்டு திருத்தங்களையும் தனித்தனி வரியில் மதிப்புடன் காட்டுங்கள். "மாற்றம் இல்லை" என்று எழுதினால் 2 கி.மீ. ஆழத்தில் 1.3 கோடி டன் வரை வந்திருக்கக்கூடும் என்பது மறைந்துவிடும். அடுத்த சர்வேயை மறுபடியும் கோடை முடிவில் எடுங்கள்.

பு-14-க்கு: புகைத்துளை அதிர்வு ரீடிங்கின் திட்டவிலக்கத்தை ஏற்றிவிடும், அங்கே ரீடிங் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள். கருவியின் இயக்க வெப்ப வரம்பு 45 டிகிரி செல்சியஸ், எனவே சூடான தரையில் கால்களுக்கு அடியில் தடித்த பலகை வையுங்கள், அதன் தடிமனைக் கருவி உயரத்தில் சேர்க்க மறக்காதீர்கள். வெப்பத்தாலும் அமிலத்தாலும் பாறை களிமண்ணாக மாறிய இடத்தில் குறியாணி தனியாக எழும், இறங்கும். லெவலிங்கில் (துல்லிய உயர அளவீட்டில்) பக்கத்துப் புள்ளியோடு ஒத்துப்போகவில்லை என்றால் பு-14-ஐ நிறைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மாறாத பாறை தெரியும் இடத்தில் 50 மீ. தள்ளி புதுக் குறி அடியுங்கள்.