ஸ்டீபன் பிளெசன்டன்: ஆவணங்களைக் காத்த எழுத்தரா, கலங்கரை விளக்கங்களை மங்கவிட்ட அதிகாரியா?

ஏட்டுச்சுவடி:
அமெரிக்கக் குடியரசின் தொடக்ககால அரசு எழுத்தர்களில் ஸ்டீபன் பிளெசன்டன் அளவுக்கு நாட்டுக்குப் பயன்பட்டவர் எவரும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டனோடு 1812இல் தொடங்கிய போரின்போது, 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை தலைநகர் வாஷிங்டனை நெருங்கியபோது, அதன் நடமாட்டத்தை நேரில் பார்க்கச் சென்றிருந்த வெளியுறவுச் செயலர் மன்றோ, அலுவலக ஏடுகளைப் பத்திரப்படுத்துமாறு சொல்லியனுப்பினார். வெளியுறவுத் துறை எழுத்தரான பிளெசன்டன் முரட்டு லினன் துணி வாங்கிப் பைகள் தைக்கச் செய்து, சக எழுத்தர்களோடு சேர்ந்து ஏடுகளை அவற்றுள் அடுக்கிக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த போர்ச் செயலர் ஆம்ஸ்ட்ராங், எதிரிகள் வாஷிங்டனுக்கு வருவார்கள் என்று தாம் நம்பவில்லை, இந்தப் பதற்றம் தேவையற்றது என்றார். தாங்கள் அப்படி நினைக்கவில்லை என்று பணிவாகப் பதில் சொல்லிவிட்டு இவர் வேலையைத் தொடர்ந்தார். சுதந்திரப் பிரகடனம், காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) இரகசியக் குறிப்பேடுகள், ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்கள் எல்லாம் வண்டியேறி, பொட்டோமாக் ஆற்றுக்கு அப்பால் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு மாவு ஆலைக்குச் சென்றன. பக்கத்தில் பீரங்கி வார்ப்பாலை இருந்ததால் எதிரி அங்கும் வரக்கூடும் என்று அஞ்சியவர், 35 மைல் தொலைவிலுள்ள லீஸ்பர்க்கில் ஓர் ஆளில்லாத வீட்டில் அவற்றைப் பூட்டிவைத்தார். களைப்பில் அன்றிரவு சீக்கிரமே படுத்துவிட்டவருக்கு, வாஷிங்டன் திசையில் பெருந்தீ தெரிந்ததை மறுநாள் காலையில் விடுதியில் இருந்தவர்கள்தான் சொன்னார்கள்.

கடலோரன்:
நீங்கள் விவரித்தவை சில நாள்களின் நிகழ்வுகள். அவற்றையும் 34 ஆண்டுகள் கழித்து, 1848இல் அவரே எழுதிய கடிதத்தின் வாயிலாகத்தான் இவ்வளவு விரிவாக அறிகிறோம். அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி வேறிடத்தில் கழிந்தது. 1817இல் கருவூலத் துறையில் அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஐந்தாம் தணிக்கையாளராக அமர்ந்து, 1820இல் கலங்கரை விளக்கங்களின் பொறுப்பை ஏற்று, 1852 வரை அதை விடாமல் வைத்திருந்தார். கடலைப் பற்றியோ ஒளியியலைப் பற்றியோ எந்தப் பயிற்சியும் இல்லாதவர், விளக்குகளை விற்று, பொருத்தி, பழுதுபார்த்துவந்த வின்ஸ்லோ லூயிஸ் என்ற ஒப்பந்ததாரரிடமே தொழில்நுட்ப ஆலோசனையும் கேட்டார். விளக்கொளியைக் குவித்து வெகுதூரம் செலுத்தும் ஃபிரெனெல் கண்ணாடி வில்லை பிரான்சில் 1823இலேயே கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் எரியத் தொடங்கிவிட்டது. அமெரிக்கக் கரையில் அது முதன்முதலாக எரிந்ததோ 1841இல், நியூ ஜெர்சியின் நேவசிங் கலங்கரை விளக்கத்தில். இடையில் கழிந்த ஆண்டுகளில் மங்கிய விளக்கை நம்பிக் கரையை நெருங்கிய மாலுமிகளை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஏட்டுச்சுவடி:
கடிதம் அவருடையது என்பதற்காக ஆவணங்கள் பிழைத்ததை மறுக்க முடியுமா? அதே ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையின் தலைமை எழுத்தர் பேட்ரிக் மக்ருடர் ஊரிலேயே இல்லை. அவருக்குக் கீழிருந்தவர்கள் வண்டி கிடைக்காமல் திண்டாடியதில் சபையின் ஏடுகளில் ஒரு பகுதி எரிந்துபோயிற்று, அவரும் 1815 ஜனவரியில் பதவி விலக நேர்ந்தது. பிளெசன்டன் பொறுப்பேற்றபோது சுமார் 55 கலங்கரை விளக்கங்கள் இருந்தன. அவர் விலகியபோது 300க்கும் மேல். ஒதுக்கிய பணத்தில் மீதியைக் கருவூலத்துக்கே திருப்பிக் கொடுத்தவர் அவர். அந்தக் காலத்து நாடாளுமன்றம் அவரிடம் எதிர்பார்த்ததும் அந்தச் சிக்கனத்தைத்தான்.

கடலோரன்:
எண்ணிக்கை கூடியதால் ஒளி கூடவில்லை. கடல்வழி நூல்களை வெளியிட்டுவந்த பிளன்ட் சகோதரர்கள் 1830களிலேயே முறையிட்டார்கள். வின்ஸ்லோ லூயிஸின் சொந்த உறவினரான பொறியாளர் ஒருவரே 1843இல் கடுமையான அறிக்கை அளித்தார். இத்தனைக்குப் பிறகும் பிளெசன்டன் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

வடகரை:
குடும்பத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. மகன்கள் இருவர் வெஸ்ட் பாயின்ட் இராணுவப் பள்ளியில் படித்தவர்கள். இளையவர் ஆல்ஃபிரட், அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863இல் பிராண்டி ஸ்டேஷன் சண்டையில் வடதரப்புக் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கினார். 1871இல் உள்நாட்டு வருவாய்த் துறையின் ஆணையராகி, மேலதிகாரியோடு மோதி, சில மாதங்களிலேயே பதவியை இழந்தார். மூத்தவர் அகஸ்டஸ், பிலடெல்பியாவில் திராட்சைக்கொடி வளர்த்த கண்ணாடி வீட்டில் இடையிடையே நீலக் கண்ணாடிகளைப் பதித்து, நீல ஒளி பயிரையும் கால்நடையையும் செழிக்க வைக்கும், நோயைத் தீர்க்கும் என்று வாதாடினார். 1876இல் அதை நூலாக்கி, நீலத் தாளில் நீல மையால் அச்சிட்டார். நாடே சிறிது காலம் நீலக் கண்ணாடி வாங்கி ஓய்ந்தது. அறியாத துறையிலும் அசையாமல் நிற்கும் பிடிவாதம் அந்தக் குடும்பத்துக்கே உரியதாக எனக்குப் படுகிறது. போர்ச் செயலரின் சொல்லுக்கு அசையாதவர்தானே பின்னாளில் மாலுமிகளின் சொல்லுக்கும் அசையாமல் இருந்தார்!

ஏட்டுச்சுவடி:
மகனின் நீலக் கண்ணாடியைக் கொண்டு தந்தையை எடைபோடுவதை நான் ஏற்கவில்லை. மேலும், 1814இல் அவர் காட்டியது பிடிவாதமன்று. ஆம்ஸ்ட்ராங் வேறு துறையின் செயலர், இவருடைய சொந்த மேலதிகாரியான மன்றோவின் கட்டளை இவர் கையில் இருந்தது. கலங்கரை விளக்கங்களில் அப்படித் தெளிவாகக் கட்டளையிட எவரும் முன்வரவில்லை. ஒரு கணக்குத் தணிக்கையாளரிடம் கடற்கரை முழுவதையும் ஒப்படைத்து, 32 ஆண்டுகள் அப்படியே விட்டுவைத்த நாடாளுமன்றமும் கருவூலச் செயலர்களும்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கடலோரன்:
அவர்களும் சொல்ல வேண்டும், அவரும் சொல்ல வேண்டும். 1838இல் கடற்படை அதிகாரி மேத்யூ பெர்ரி ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு வில்லைகளை வாங்கிவந்தது நாடாளுமன்றத்தின் முடிவால்தான். நேவசிங்கில் அவை எரிவதைக் கண்ட பிறகும், விலை அதிகம் என்று சொல்லிப் பழைய விளக்குகளையே தொடர்ந்தவர் பிளெசன்டன்.