செக்ஸ் பிஸ்டல்ஸ்: உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும்

மான்செஸ்டரிலிருந்து:

இந்த ஊரில் அறுபதைத் தாண்டிய எவரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 1976 ஜூன் 4 அன்று லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் லண்டன் பங்க் ராக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடியபோது தானும் அங்கே இருந்ததாகச் சத்தியம் செய்வார். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொன்னார், கூரையைப் பழுதுபார்க்க வந்தவரும் சொன்னார். அன்று கூட்டம் ஏறக்குறைய நாற்பது பேர்தான் என்கிறார்கள். ஆனால் வந்தவர்கள் சும்மா கலைந்து போகவில்லை. பீட்டர் ஹூக் மறுநாளே ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். நண்பர் பெர்னார்ட் சம்னரோடு அவர் தொடங்கிய குழுதான் பின்னால் ஜாய் டிவிஷன் என்ற புகழ்பெற்ற ராக் குழு ஆனது. அந்தக் கட்டடம் இன்று நட்சத்திர ஹோட்டல்.

வேல்ஸ், கேர்ஃபிலியிலிருந்து:

அண்ணா, உங்கள் ஊரில் எல்லோரும் உள்ளே இருந்தார்கள் என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் வெளியே நின்றார்கள். 1976 டிசம்பர் 1 அன்று தொலைக்காட்சி நேரலையில் தொகுப்பாளர் பில் கிரண்டி சீண்டிவிட, கிட்டார் வாசித்த ஸ்டீவ் ஜோன்ஸ் வாயில் வந்தபடி திட்டினார். மறுநாள் பத்திரிகைகள் கொதித்தன. அவர்களுடைய சுற்றுப்பயண நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை ரத்தாயின. தப்பிய சிலவற்றில் ஒன்று டிசம்பர் 14 அன்று இங்கே காசில் சினிமாவில் நடந்தது. வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஊரார் திரண்டு, கிறிஸ்துமஸ் கீதங்கள் பாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். என் பக்கத்து வீட்டு அம்மாவும் அந்தக் கூட்டத்தில் பாடியவர். அவரிடம் கேட்டேன். “பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட முடியாமல் விரல்கள் விறைத்துப் போயின. உள்ளே போன பிள்ளைகள் கதகதப்பாக இருந்துவிட்டு வந்தார்கள்” என்றார். அந்தக் குழுவின் ஒரு பாட்டையும் அவர் இன்றுவரை கேட்டதில்லை!

ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து:

அக்கா சொன்னதற்கு நேர்மாறான கதை எங்களுடையது. கிரண்டி விவகாரத்துக்குப் பிறகு 1977 ஜனவரியில் இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனம் அவர்களைக் கைகழுவியது. மார்ச்சில் ஏ அண்ட் எம் நிறுவனம் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் ஒப்பந்தம் போட்டு, ஆறே நாளில் முறித்துக்கொண்டது. மூன்றாவதாக வர்ஜின் சேர்த்துக்கொண்டது. அக்டோபரில் வெளிவந்த ஒரே ஸ்டுடியோ ஆல்பம் விற்பனையில் முதலிடம் பிடித்தது. ஆனாலும் மேடை கொடுக்கத்தான் ஆளில்லை.

அந்தச் சமயத்தில் தீயணைப்பு வீரர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று பகலில், இங்குள்ள ஐவன்ஹோஸ் கிளப்பில் அவர்களுடைய குழந்தைகளுக்காக இந்தக் குழு விருந்து வைத்தது. என் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒருவர் சிறுவனாக அங்கே போயிருக்கிறார். அப்பா தீயணைப்பு வீரர், வீட்டில் பல வாரமாகச் சம்பளம் இல்லை. பெரிய கேக் ஒன்று வந்ததாம். தின்றது போக மிச்சத்தைப் பிள்ளைகள் குழுவின் பாடகர் ஜானி ராட்டனின் முகத்தில் அப்ப, நாடே பயந்த அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தாராம். பேஸ் கிட்டார் வாசித்த சிட் விஷியஸைப் பற்றிக் கேட்டால், “எலும்பும் தோலுமாக ஒரு அண்ணன்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

மூன்று வாரம்கூடப் போகவில்லை. 1978 ஜனவரி 14 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ விண்டர்லேண்ட் மேடையில், ஏமாற்றப்பட்டதுபோல் எப்போதாவது தோன்றியதுண்டா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு இறங்கினார் ராட்டன், குழு உடைந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் சிட் போதைப்பொருளுக்குப் பலியானார், வயது 21. மேலாளர் மால்கம் மெக்லாரன் எல்லாமே தன் திட்டம் என்பதுபோல் பேசித் திரிந்தார். நான் அதை நம்பவில்லை. கேக் அபிஷேகத்துக்கெல்லாம் எவரும் திட்டம் போடுவதில்லை.

விருந்தில் பிள்ளைகளுக்கு டி-சர்ட்டும் கொடுத்திருக்கிறார்கள். அதில் அச்சாகியிருந்த வார்த்தையைப் பார்த்த எங்கள் வாடிக்கையாளரின் அம்மா, புத்தாண்டுக்குள் அதைத் தரை துடைக்கும் துணியாக்கிவிட்டாராம். இன்று அதற்கு என்ன விலை கிடைக்கும் என்று என்னிடம் புலம்பிவிட்டுத்தான் பால் வாங்கிக்கொண்டு போவார்.

மான்செஸ்டரிலிருந்து:

தம்பி, அவரை எங்கள் ஊருக்கு அனுப்பாதீர்கள். அந்த டி-சர்ட் தன்னிடம்தான் இருக்கிறது என்று சொல்ல இங்கே இருநூறு பேர் தயாராக இருப்பார்கள்.