பிரான்சில் வாங்கும் ஏர் ரைஃபிளை ஜெர்மனியில் வீட்டில் வைத்திருக்கலாமா?

கேள்வி: பூங்கோதை (வைல் அம் ரைன்)

எங்கள் மகளுக்கு 13 வயது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியைப் பார்த்ததிலிருந்து அந்த விளையாட்டின்மேல் தீராத ஆசை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் களத்தில் இருந்ததால் வீடே திரண்டு உட்கார்ந்து பார்த்தது. கொஞ்ச நாளில் ஆசை அடங்கிவிடும் என்று நினைத்தேன், அடங்கவில்லை.

நாங்கள் இருப்பது மூன்று நாட்டு எல்லையில். ரைன் நடைபாலத்தைக் கடந்தால் பிரான்ஸ்; 8ஆம் எண் டிராமில் ஏறினால் பாசல். பிரான்ஸ் பக்கக் கடை ஒன்றில் ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிள் 180 யூரோவுக்கு இருக்கிறது. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், குண்டு வெளிவரும் ஆற்றல் 19.9 ஜூல். 18 வயது நிரம்பியதற்கு அடையாள அட்டை காட்டினால் போதுமாம். "ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வாங்கும் பொருளுக்கு எல்லை ஏது?" என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பாசலில் இருக்கும் என் தம்பி, "ஜெர்மனியில் சிக்கல் என்றால் என் வீட்டில் வைத்துவிடலாம் அக்கா" என்கிறான். அவனுக்கு சி அனுமதி (சுவிஸ் நிரந்தர வசிப்பு அனுமதி) உண்டு, கடவுச்சீட்டு இலங்கையுடையது.

கொண்டுவரலாமா? எங்கள் பின்தோட்டத்தில் மகள் சுட்டுப் பழகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: குறிஞ்சிக்குமரன் (ஃப்ரைபுர்க்)

அக்கா, அந்தத் துப்பாக்கியை வாங்க வேண்டாம். தோட்டத்தில் மகள் சுட்டுப் பழகவும் வேண்டாம். ஆனால் அவள் ஆசை நிறைவேற நல்ல வழி இருக்கிறது, முழுவதும் படியுங்கள். எங்கள் ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணவரின் வாதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் துப்பாக்கிகள் பற்றிப் பொதுவான நெறிமுறை ஒன்று உண்டு. 1991இல் வந்தது, இப்போது 2021/555 என்ற எண்ணில் இருக்கிறது. ஆனால் எரியும் வெடிமருந்தின் விசையால் குண்டைத் தள்ளும் ஆயுதத்தைத்தான் அது துப்பாக்கி என்று எடுத்துக்கொள்கிறது. காற்றழுத்தத்தில் சுடுவது அந்த வரையறைக்குள் வராது. நாடு விட்டு நாடு கொண்டுபோக உதவும் ஐரோப்பியத் துப்பாக்கி அட்டையும் அதற்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றிய இடத்தில் கோடு கிழித்திருக்கிறது. ஜெர்மனியும் இத்தாலியும் 7.5 ஜூலில், போலந்து 17இல், பிரான்ஸ் 20இல். டென்மார்க் குழாயின் விட்டத்தைப் பார்க்கிறது. நெதர்லாந்தில் ஆற்றல் வரம்பே கிடையாது. ஸ்பெயினில் நகராட்சியிடம் ஆயுத அட்டை வாங்க வேண்டும்.

அந்த 19.9 ஜூல் என்ற எண்ணே பிரான்சின் 20 ஜூல் வரம்புக்குள் அடங்கும்படி செய்யப்பட்டது. கடைக்காரர் தன் நாட்டுச் சட்டப்படி சரியாகத்தான் விற்கிறார். பாலத்தின் பாதியைத் தாண்டியதும் அது ஜெர்மன் சட்டத்தின்கீழ் வந்துவிடும். இங்கே 7.5 ஜூலுக்கு மேற்பட்ட ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உடைமை அட்டை வேண்டும், உள்ளே கொண்டுவரவும் முன் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் கொண்டுவந்தால் அது குற்றவியல் வழக்கு. அதில் சிக்குபவர் பிறகு எந்த ஆயுத அனுமதி கேட்டாலும் அந்தப் பழைய வழக்குதான் முதலில் எதிரே வந்து நிற்கும்.

"ஆற்றலைக் குறைத்துவிட்டால்?" என்ற கேள்வி அடுத்து வரும், எல்லோரும் கேட்கிறார்கள். அளவு மட்டும் போதாது அக்கா. துப்பாக்கியின் உடலில் ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்து பொறித்திருக்க வேண்டும். 7.5 ஜூலுக்குள் சுடுகிறது என்று முறைப்படி உறுதி செய்த அடையாளம் அது. அந்தக் குறி இல்லாத துப்பாக்கி 5 ஜூலில் சுட்டாலும் அனுமதி தேவைப்படும் ஆயுதம்தான். 1970க்கு முன்போ, முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் 1991 ஏப்ரல் 2க்கு முன்போ செய்து முறைப்படி விற்பனைக்கு வந்த பழைய துப்பாக்கிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மாதிரியின் பெயரையும் நம்பிவிடாதீர்கள். வைராவ் நிறுவனத்தின் எச்டபிள்யூ 97 போன்றவை ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில், குறியுடன் ஒன்றும் குறியில்லாமல் வலுவான ஸ்பிரிங்குடன் ஒன்றுமாக வருகின்றன. இணையத்தில் பெயரைப் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன் குறியின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். குறியுள்ள துப்பாக்கிக்குள் வலுவான ஸ்பிரிங்கை மாற்றிப் போடுவதும் குற்றம்.

இப்போது மகள். இங்கே ஏர் ரைஃபிளை வாங்கவும் வைத்திருக்கவும் 18 வயது வேண்டும். குண்டு வேலியைத் தாண்டாது என்று உறுதியானால் பெரியவர்கள் சொந்தத் தோட்டத்தில் எஃப் குறியுள்ளதைச் சுடலாம். சிறுவர்களுக்குச் சட்டம் திறந்து வைத்திருப்பது பயிற்சிக்கூடத்தின் கதவை மட்டும். 12 வயது நிரம்பியவர்கள் அங்கே, பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலோடு அல்லது பெற்றோர் உடனிருக்க, சிறுவர்களோடு பழகத் தகுதி பெற்ற பயிற்சியாளரின் மேற்பார்வையில் ஏர் ரைஃபிள் சுடலாம். உங்கள் மகளுக்கு 13. அதாவது அவள் நாளைக்கே தொடங்கலாம்!

இதை மனம் நிறைந்து சொல்கிறேன். அவள் விரும்புவது ஒலிம்பிக் விளையாட்டு. 10 மீட்டர் தூரத்தில் உள்ள இலக்கு அட்டையின் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர் அகலம்தான். அதற்கு 19.9 ஜூல் எதற்கு? போட்டி ரைஃபிள்கள் எல்லாம் 7.5 ஜூலை ஒட்டியே செய்யப்படுகின்றன. வலுவான ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது உள்ளே அடிக்கும் அதிர்வு, புதிதாகப் பழகும் கைக்கு நல்லதே இல்லை. தோளில் ஏந்தும் விதம், மூச்சை நிறுத்தும் நேரம், விசையை மெல்ல இழுப்பது, இவற்றை யாராவது அருகில் நின்று திருத்தினால்தான் வரும். சங்கங்களில் சிறுவர்களுக்கு ஏற்ற எடையில் ரைஃபிள் இரவல் தருவார்கள், சந்தாவும் அவர்களுக்குக் குறைவு. அந்த 180 யூரோவை, துப்பாக்கி சுடுவோர் அணியும் மேலங்கிக்கு எடுத்து வையுங்கள்.

பதில்: செல்வராணி (பாசல்)

பூங்கோதை, உங்கள் தம்பி அந்தத் துப்பாக்கியைத் தொடவே கூடாது. இதைக் குமரன் எழுதவில்லை என்பதால் அவசரமாக எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்தில் 7.5 ஜூலும் அதற்கு மேலும் உள்ள ஏர் ரைஃபிள் சட்டப்படி ஆயுதம். நிஜத் துப்பாக்கி என்று நினைக்க வைக்கும் தோற்றம் இருந்தால் ஆற்றல் குறைவானதும் ஆயுதம்தான். சுவிஸ் குடிமக்கள் எழுத்துமூல ஒப்பந்தம் போட்டு வாங்கலாம். ஆனால் சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதம் வாங்கவும், வைத்திருக்கவும், சுடவும் ஆயுத ஒழுங்குவிதி தடை போட்டிருக்கிறது. செர்பியா, கொசோவோ, துருக்கி, அல்பேனியா, அல்ஜீரியா ஆகியவற்றோடு இலங்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சி அனுமதி இருப்பதாலோ, இருபது ஆண்டு ஒரு குற்றமும் இல்லாமல் வாழ்ந்ததாலோ அது மாறாது. விளையாட்டுக்காக மாநில அதிகாரிகள் விதிவிலக்கு அனுமதி கொடுக்க முடியும். அதற்கு முறையாக விண்ணப்பிக்க வேண்டும். சுவிஸ் குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

போருக்குத் தப்பி வந்தவர்களின் பிள்ளைகள், இங்கேயே பள்ளிக்கூடம் போனவர்கள், கடவுச்சீட்டின் நிறத்தால் இப்படி ஒதுக்கப்படுவது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் சட்டம் இருக்கும் வரை, அக்காவுக்கு உதவப் போய் அந்தப் பையன் தன் குடியுரிமை விண்ணப்பத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

பதில்: நக்கீரன் (மூல்ஹவுஸ்)

பிரான்ஸ் பக்கம் ஒரு சேர்க்கை. 2 முதல் 20 ஜூல் வரை உள்ளவை பிரெஞ்சுச் சட்டத்தில் டி வகை ஆயுதம். 18 வயதானால் வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் வைத்திருக்கும் உரிமை வேறு, வெளியே தூக்கிக்கொண்டு போகும் உரிமை வேறு. தக்க காரணம் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. சங்கத்து உறுப்பினர் அட்டையோடு பயிற்சிக்குப் போவது தக்க காரணம். 20 ஜூலைத் தொட்டால் சி வகை. வேட்டை அனுமதியோ விளையாட்டு உரிமமோ காட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

பதில்: தமிழ்ச்செல்வன் (கிளாஸ்கோ)

ஒரே நாட்டுக்குள்ளும் இப்படித்தான். இங்கிலாந்தில் ஏறக்குறைய 16 ஜூல் வரை ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் காவல்துறைச் சான்றிதழ் கட்டாயம். வட அயர்லாந்தில் 1 ஜூலைத் தாண்டினாலே சான்றிதழ். லெஸ்டரிலிருந்து என் அண்ணன் மகன் விடுமுறைக்கு வரும்போது ரைஃபிளை அங்கேயே பூட்டிவிட்டு வருகிறான்.

பூங்கோதை

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் பேசிவிட்டேன், அவனுக்கு இந்தத் தடை பற்றித் தெரியவே இல்லை. கணவரும் படித்தார். அருகிலுள்ள சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம், வியாழக்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறார்கள். குமரன், என்ன கொண்டுபோக வேண்டும்? பிறகு ஒரு நாள் சொந்தமாக வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? இளையவனுக்கு 9 வயது, அவனும் வருவேன் என்று அடம்பிடிக்கிறான்.

குறிஞ்சிக்குமரன்

மிக்க மகிழ்ச்சி அக்கா. மகளின் அடையாள அட்டை, நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், தட்டையான அடிப்பாகம் உள்ள காலணி, இவை போதும்.

வாங்கும் பேச்சை ஓராண்டு தள்ளி வையுங்கள். அவள் வளர்ந்துகொண்டிருக்கிறாள், ரைஃபிளின் அளவும் மாறும். வாங்கும்போது உங்கள் பெயரில், எஃப் குறியோடு வாங்குங்கள். பழைய போட்டி ரைஃபிள் என்றால் அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் உருளையில் பொறித்த தேதியைப் பாருங்கள். பொதுவாகப் பத்தாண்டுதான் அதற்கு ஆயுள், புதிய உருளைக்குத் தனிச் செலவு. வீட்டில் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், சாவி உங்களிடம் இருக்க வேண்டும், மகளிடம் அல்ல. சங்கத்துக்குக் கொண்டுபோகும்போது குண்டு நீக்கி, பூட்டிய பெட்டியில்.

இளையவனையும் அழைத்துப் போங்கள். 12 வயது ஆகாதவர்களுக்காகப் பல சங்கங்களில் ஒளிக்கதிர் ரைஃபிள் வைத்திருக்கிறார்கள். குண்டு கிடையாது, இலக்குப் பலகை ஒளியைப் பிடித்துப் புள்ளி காட்டும். வியாழக்கிழமை அது இருக்குமா என்று முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.