ஜிமேட் சதவீதக் கணக்குகள்: எந்த எண்ணை அடிப்படையாகக் கொள்வது?

கேள்வி:
வணக்கம். மேலாண்மை முதுநிலைப் படிப்புகளில் சேர்வதற்கான ஜிமேட் தேர்வின் கணிதப் பகுதிக்குப் பயிற்சி செய்து வருகிறேன். வாக்கியங்களாகத் தரப்படும் சதவீதக் கணக்குகளில், எந்த எண்ணின் மீது சதவீதம் காண்பது என்பதில்தான் குழப்பம் ஏற்படுகிறது. எடுத்துக்காட்டாக: ஒரு நூலகத்தின் உறுப்பினர் எண்ணிக்கை முதல் ஆண்டில் 20 சதவீதம் கூடியது, இரண்டாம் ஆண்டில் 25 சதவீதம் குறைந்து 360 ஆனது. தொடக்கத்தில் இருந்த உறுப்பினர்கள் எத்தனை பேர்? மொத்தத்தில் 5 சதவீதம் குறைந்தது என்று கொண்டு, 360-உடன் அதன் 5 சதவீதத்தைக் கூட்டினால் 378 கிடைக்கிறது. விடையோ 400 என்று உள்ளது. கால்குலேட்டர் இல்லாமல் 45 நிமிடங்களில் 21 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியிருப்பதால், விரைவாகவும் பிழையின்றியும் அணுகும் வழியை விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
378 என்ற விடையில் இரண்டு பிழைகள் சேர்ந்துள்ளன. 20 சதவீதம் தொடக்க எண்ணிக்கையின் மீதும், 25 சதவீதம் கூடிய பிறகான எண்ணிக்கையின் மீதும் கணக்கிடப்படுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து 5 என்று சொல்ல இயலாது. அப்படியே 5 சதவீதம் குறைந்ததாக வைத்துக்கொண்டாலும், அது தொடக்க எண்ணிக்கையின் 5 சதவீதமே தவிர, 360-இன் 5 சதவீதம் அன்று.

கூட்டல், கழித்தலை விட்டுப் பெருக்கலுக்கு வாருங்கள். 20 சதவீதம் கூடுவது 6/5 ஆல் பெருக்குவது. 25 சதவீதம் குறைவது 3/4 ஆல் பெருக்குவது. இரண்டையும் பெருக்கினால் 9/10. ஆகவே தொடக்க எண்ணிக்கையில் பத்தில் ஒன்பது பங்கு 360, முழுமை 400. சரிபார்ப்பதும் எளிது: 400, 480, 360.

அடிப்படையைக் கண்டுகொள்ள, எதனுடன் ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். முதல் எண் இரண்டாம் எண்ணை விட 25 சதவீதம் அதிகம் என்றால் இரண்டாம் எண்ணே அடிப்படை. இதையே திருப்பி, இரண்டாம் எண் முதல் எண்ணை விட எத்தனை சதவீதம் குறைவு என்று கேட்டால் அடிப்படை மாறிவிடுகிறது. விடை 20 சதவீதம். தேர்வில் தரப்படும் தவறான விடைகள் பெரும்பாலும் இந்த மாற்றத்தைக் கவனிக்காதவர் அடையும் எண்களாகவே இருக்கும் என்பதால், நம் விடை பட்டியலில் இருக்கிறது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

மறுமொழி 2:
மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வினாவில் எண்ணிக்கை ஏதும் தரப்படாமல் சதவீதங்கள் மட்டுமே இருந்தால், தொடக்கத்தை 100 என்று வைத்துக்கொள்வது நல்ல வழி. 360 போன்ற உண்மையான எண் தரப்பட்டிருந்தாலும் 100-இல் தொடங்கி 120, 90 என்று வந்து, பிறகு 90-க்கு 360 என்றால் 100-க்கு எவ்வளவு என்று விகிதம் காணலாம். 12.5 சதவீதம் எட்டில் ஒன்று, 37.5 சதவீதம் எட்டில் மூன்று என்பனவற்றை மனப்பாடமாக வைத்திருப்பது கால்குலேட்டர் இல்லாத பகுதியில் மிகவும் உதவும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்னொரு வினாவையும் தெளிவுபடுத்துவீர்களா? ஒரு நிறுவனத்தின் பணியாளர்களில் 40 சதவீதத்தினர் பெண்கள். பெண்களில் 30 சதவீதத்தினரும் ஆண்களில் 20 சதவீதத்தினரும் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள். முதுநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் எத்தனை சதவீதம்? 30 என்பதா, 12 என்பதா?

மறுமொழி 1:
இரண்டும் அல்ல. இந்த ஒரே வினாவில் அடிப்படை மூன்று முறை மாறுகிறது: முதலில் மொத்தப் பணியாளர்கள், பிறகு பெண்களும் ஆண்களும் தனித்தனியாக, இறுதியில் பட்டம் பெற்றவர்கள் மட்டும். மொத்தம் 100 பேர் என்று கொண்டால் பெண்கள் 40, ஆண்கள் 60. பட்டம் பெற்ற பெண்கள் 12. பட்டம் பெற்ற ஆண்களும் 12. பட்டம் பெற்ற 24 பேரில் 12 பேர் பெண்கள் என்பதால் விடை 50 சதவீதம். நீங்கள் குறிப்பிட்ட 30 என்பது பெண்களை அடிப்படையாகக் கொண்டது. 12 என்பது மொத்தப் பணியாளர்களை அடிப்படையாகக் கொண்டது. இவ்வகை வினாக்களில் கடைசி வாக்கியத்தை முதலில் படித்து, யாரில் எத்தனை சதவீதம் கேட்கப்படுகிறது என்பதைத் தாளில் எழுதிவிட்டு, அதன் பின்னரே எண்களுக்குச் செல்லுங்கள்.