சூடானால் நின்றுவிடும் யெஸ்டி: கண்டென்சரா, காயிலா?

அப்பாவின் 1986 யெஸ்டி ரோட்கிங் பைக்கை வீட்டிலேயே பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் இரண்டாவது உதையிலேயே கிளம்பிவிடுகிறது (கிக்கரேதான் கியர் லீவரும் என்று தெரியாமல் இரவல் வாங்கியவர்கள் முழித்தது தனிக்கதை), ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி இன்ஜின் சூடானதும் இருமி இருமி நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. கார்பரேட்டரைக் கழுவியாயிற்று, பாயின்ட் (பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளி 0.4 மி.மீ. வைத்தேன், பிளக் புதிது. நின்றவுடன் பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருக்கிறது, பொறியும் மஞ்சளாக, சோம்பலாகத்தான் வருகிறது. பாயின்ட் முனை கருகியிருப்பதால் அதைக் கருகாமல் காக்கும் சின்ன மின்தேக்கியான கண்டென்சர் மேல்தான் எனக்குச் சந்தேகம். சரி, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலும் காரணமாக இருக்கலாமே, அதைச் சூடாக இருக்கும்போதே மல்டிமீட்டரில் சோதிக்க வழி இருக்கிறதா? அப்புறம், மதுரைப் பக்கம் நல்ல கண்டென்சர் எங்கே கிடைக்கும்? போன மாதம் வாங்கியது இரண்டு நாள்கூட தாங்கவில்லை.